கல்லா, உயிர்ச்சுவடா? – இனங்காணும் நெறி

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறை மாணவர் ஒருவர், செய்தித்தாளில் பொதிந்த கல் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அவர் குடியிருப்பது சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில். அவர் தெருவில் பழைய தனிவீடு ஒன்றை இடித்துவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தனர். அங்குக் குவிந்திருந்த மண்மேட்டின் ஓரத்தில் அக்கல் கிடந்ததாம். உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம், நடுவிலிருந்து சுருண்டு விரியும் வடிவம், சுருளின் மேல் சீப்பின் பற்களைப் போல ஒரே சீராக அமைந்த வரிமேடுகள். "ஐயா, இது கல்லா, நத்தையா?" என்று அவர் வினவினார்.

அதே மண்மேட்டில் கிளிஞ்சல்களும் கிடந்தன என்று அவர் சொன்னதும் நமக்கு ஐயமே எழவில்லை. "பல கோடி ஆண்டுகளுக்கு முன் உங்கள் தெரு கடலடியாக இருந்தது, அக்கடலில் வாழ்ந்த உயிரி இது" என்று விளக்கம் தந்தோம். மாணவரும் மகிழ்ந்து, கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வார்னிஷ் பூசி, "ராஜா அண்ணாமலைபுரத்தில் கிடைத்த தொல்லுயிர் எச்சம்" என்று அட்டையெழுதிக் கல்லூரிக் கண்காட்சியில் வைத்தார். பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். நிலவியல் பயின்ற முதியவர் ஒருவர் மட்டும் இரண்டு வினாக்களைக் கேட்டார். "எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது? எந்த மண் இதில் ஒட்டியிருந்தது?" மாணவரிடம் விடையில்லை, நம்மிடமும் இல்லை.

அவ்விரு வினாக்களின் பொருளை அறிய முற்பட்டதன் பயனே இக்கட்டுரை. விந்தையான கல் ஒன்று கைக்கு வந்தால், அது புதைபடிவமா அன்றா என்பதை எவ்வாறு இனங்காண்பது என்பதை இங்கு முறையாக நோக்குவோம்.

புதைபடிவம் என்பது யாது?

இறந்த உயிரினம் பெரும்பாலும் அழுகி மறைந்துவிடுகிறது. அரிதாகச் சில வேளைகளில் மட்டும், அவ்வுடல் சிதையும் முன்னரே சேறோ மணலோ அதை மூடிவிடுகிறது. மென்மையான தசை அழிந்தாலும் ஓடு, எலும்பு, பல், மரத்தண்டு போன்ற வன்பகுதிகள் எஞ்சுகின்றன. மண்ணினூடே கசியும் நீரில் கரைந்துள்ள கனிமங்கள் அவற்றின் நுண்துளைகளை நிரப்புகின்றன. சில வேளைகளில் பழைய பொருளை முற்றிலும் அகற்றிவிட்டு அதன் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இவ்வாறு உருவம் நிலைக்கப் பொருள் மாறியதே புதைபடிவம். இலையின் பதிவு, காலடித்தடம், புழு குடைந்த வளை ஆகிய சுவடுகளும் இவ்வகையில் அடங்கும்.

இவ்வாறு உருவாகச் சேறும் மணலும் படிந்து இறுகிய பாறை வேண்டும். எனவே புதைபடிவங்கள் பெரிதும் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் முதலிய படிவுப் பாறைகளிலேயே கிடைக்கின்றன. உருகிய குழம்பு ஆறி இறுகிய பாறையிலும், கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் முற்றிலும் உருமாறிய பாறையிலும் அவற்றைத் தேடுவது பெரும்பாலும் வீண்முயற்சி.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த களங்கள் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் அறிவுலகிற்கு உணர்த்தினார். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் கடற்படிவுகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை. அங்குக் கிடைத்த உயிரெச்சங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வாயிலாகப் பெருந்தொகுதிகளாக அவற்றைப் பதிவு செய்தார்.

உருவ ஒப்புமை தரும் மயக்கம்

கல்லைக் கண்டதும் நாம் முதலில் நாடுவது உருவ ஒப்புமையை. உருண்டையாக இருந்தால் முட்டை, நீண்டிருந்தால் எலும்பு, கிளைத்திருந்தால் செடி. இவ்வொப்புமை ஆராய்ச்சியின் தொடக்கமாகலாம், முடிவாகாது.

2020ஆம் ஆண்டு அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண்ணெடுத்தபோது உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி வெகுவிரைவில் பரவிற்று. வல்லுநர்கள் நேரில் ஆய்ந்தபோது அவை முட்டைகள் அல்ல என்பது புலனாயிற்று. கடலடிச் சேற்றில் அம்மோனைட் முதலிய உயிரிகளைச் சூழ்ந்து கனிமம் திரண்டு இறுகிய உருண்டைகளே அவை. மையத்திலுள்ள ஓட்டையோ எலும்புத்துண்டையோ சுற்றிக் கனிமம் படிப்படியாகப் படிவதால் இத்தகைய திரளைகள் இயல்பாகவே உருண்டை வடிவம் கொள்கின்றன. உடைத்துப் பார்த்தால் பலவற்றில் வெங்காயத் தோல் போன்ற அடுக்குகள் தெரியும். முட்டையாயின் தனித்த ஓடு ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வோட்டில் காற்றுப் புகும் நுண்துளைகளும், உருப்பெருக்கியில் புலப்படும் படிக அமைப்பும் இருத்தல் வேண்டும். அவை இல்லாத உருண்டை, எத்துணை வழவழப்பாயினும் முட்டையாகாது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. மத்தியப் பிரதேச மாநிலம் தார் மாவட்டத்துப் பாட்லியா ஊர் மக்கள், வயலில் கிடைத்த உருண்டைக் கற்களை நிலத்தையும் கால்நடையையும் காக்கும் தெய்வமாகப் போற்றிவந்தனர். லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவற்றை டைனோசர் முட்டைகள் என இனங்கண்ட செய்தி 2023 டிசம்பரில் வெளியாயிற்று. ஓரிடத்தில் முட்டையெனக் கருதப்பட்டவை முட்டையல்ல. மற்றோரிடத்தில் முட்டையென எவரும் கருதாதவை முட்டைகளே. இரண்டிடத்தும் கண்ணுக்குத் தெரிந்த வடிவம் ஏறத்தாழ ஒன்றே என்பது கருதத்தக்கது.

செடிப் பதிவு எனப் பலர் மயங்குவது மற்றொன்று. பாறை வெடிப்பில் கருநிறப் பெரணி போன்ற நுண்கிளைகள் படர்ந்திருப்பதைக் காணலாம். மாங்கனீசு முதலிய கனிமங்கள் கசிந்து படிந்த கோலம் அது. அதில் நடுநரம்பு இராது, காம்பு இராது, இலைக்குரிய ஓரமும் இராது. மெய்யான இலைப்பதிவில் நரம்பமைப்பு ஓர் ஒழுங்குடன் இருக்கும். சென்னைக்கு அண்மையில் திருப்பெரும்புதூர்ப் பகுதிக் களிக்கற்களில் பழங்காலத் தாவரங்களின் மெய்யான பதிவுகள் கிடைத்துள்ளன. அவற்றின் படங்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

கையிலுள்ள கல்லை நோக்கும் முறை

கல்லை முதலில் கழுவவோ சுரண்டவோ கூடாது. ஒட்டியுள்ள மண்ணும் ஒரு சான்று. உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் நீக்கி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையால் நோக்குதல் நன்று. அப்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள.

ஒன்று, உருவில் ஒழுங்கு உண்டா? உயிரினத்தின் உடல் பெரும்பாலும் சமச்சீரும் திரும்பத் திரும்ப வரும் அமைப்பும் உடையது. சிப்பியின் வளர்வரிகள், பவளத்தின் கண்ணறைகள், மரத்தின் ஆண்டு வளையங்கள் ஆகியன எடுத்துக்காட்டுகள். நீரும் காற்றும் தேய்த்த கல்லில் வழவழப்பு இருக்கலாம். இத்தகைய உள்ளொழுங்கு இராது.

இரண்டு, புறமும் அகமும் எவ்வாறுள்ளன? எலும்பின் புறம் செறிவாகவும் அகம் தேன்கூட்டைப் போன்று நுண்ணறைகளுடனும் இருக்கும். மரமாயின் இழையோட்டம் தெரியும். கசடு எனப்படும் உலைக்கழிவிலும் துளைகள் உண்டு. ஆயின் அவை கொப்புளங்கள். அளவிலும் அமைப்பிலும் ஒழுங்கற்றவை.

மூன்று, பொருள் யாது? சுண்ணாம்புப் பொருளாயின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரைக்கும். மணிக்கல் வகையான சிலிக்காவாக மாறிய கல்மரம் நுரைக்காது, கண்ணாடியைக் கீறும். எனினும் நுரைத்தல் சுண்ணாம்பைக் காட்டுமேயன்றி உயிரைக் காட்டாது. அமிலம் புதைபடிவத்தையே அரித்துவிடும் ஆதலின், இச்சோதனையை உதிர்ந்த சிறு துணுக்கிலன்றி மூலக்கல்லில் செய்தல் தகாது.

நான்கு, எந்த உயிரினத்துடன் ஒப்பிடுவது? நம் மாணவரின் கல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் சுருள் வடிவைக் கண்டு நத்தையோ என அவர் ஐயுற்றார். நத்தையின் ஓடு உள்ளே தடுப்பற்ற ஒரே குழல். அம்மோனைட்டின் ஓடோ பல அறைகளாகத் தடுக்கப்பட்டது. விலங்கு இறுதி அறையில் வாழ்ந்தது. உடைந்த ஓரத்தில் அத்தடுப்புச் சுவர்கள் தெரிந்தமையால் அது அம்மோனைட் என்பது உறுதியாயிற்று. மீன் அங்காடியில் நாம் காணும் கணவாய்க்கு உறவான இவ்வினம், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், டைனோசர்கள் மறைந்த பேரழிவுக் காலத்தை ஒட்டி முற்றும் அற்றுப்போயிற்று. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து, மயிலாப்பூர் இல்லங்கள் பலவற்றில் பூசைக்குரியதாகப் போற்றப்படும் சாளக்கிராமக் கற்களிலும் அம்மோனைட்டின் சுருளைக் காணலாம்.

ஆக, கல் மெய்யான புதைபடிவமே. அவ்வளவில் நம் விடை சரி. பிழை வேறிடத்தில் இருந்தது.

இடமும் ஒரு சான்று

புறநானூற்றைப் பயில்வோர் ஒவ்வொரு பாடலின் அடியிலும் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் பற்றிய குறிப்பை நோக்குவர். அக்குறிப்புச் சிதைந்த பாடல்களும் உள. அவற்றின் சொற்கள் நம் கையில் இருந்தும், யாரை நோக்கி எச்சூழலில் பாடப்பட்டவை என உறுதிப்படுத்த இயலாமல் இடர்ப்படுகிறோம். கல்லுக்கும் அத்தகைய அடிக்குறிப்பு ஒன்று உண்டு. எவ்விடம், எவ்வளவு ஆழம், எவ்வகை மண், அருகில் கிடந்தவை எவை என்பனவே அது. இக்குறிப்பை இழந்த கல், "யான் யார்" என்று சொல்லக்கூடும். "என் ஊர் யாது, என் காலம் யாது" என்பவற்றை முழுமையாகச் சொல்லமாட்டாது.

இந்நெறி புதிதன்று. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, வட இந்தியச் சமவெளியைத் தோண்டும்போது கிடைக்கும் உருண்ட கற்களைக் கூர்ந்து நோக்கினார். மலையருகே அவை பெரியனவாகவும், மலையிலிருந்து விலக விலகச் சிறியனவாகவும், இறுதியில் மணலாகவும் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து, அந்நிலம் முன்பு கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என முடிவு செய்தார். ஒரு தனிக்கல்லை மட்டும் எடுத்து அவர் பேசவில்லை; கல் எங்கே கிடக்கிறது என்பதையே சான்றாகக் கொண்டார்.

இவ்வளவுகோலை ராஜா அண்ணாமலைபுரத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய இப்பகுதி, அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டியது. அதன் மேற்பரப்பு மண், ஆறும் கடலும் கொணர்ந்து சேர்த்த மணலும் களிமண்ணுமே. 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவின் ஓடைக்கரையில் நின்று நோக்குவோர்க்கு இது விளங்கும். இங்குக் கடைக்கால் தோண்டும்போது கிளிஞ்சல் வெளிப்படுவதில் வியப்பில்லை. ஆயின் அவை நிலவியல் கணக்கில் நேற்றைய ஓடுகள், கல்லாக மாறாதவை, இன்றும் கடற்கரையில் காணும் இனங்களை ஒத்தவை. அவற்றுக்கும் பல கோடி ஆண்டுப் பழமையுடைய அம்மோனைட்டுக்கும் உறவு கற்பித்ததே நம் முதற்பிழை.

நகரின் தென்பகுதியில் தலைநீட்டும் அடிப்பாறையும் அம்மோனைட்டைத் தரவல்லது அன்று. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் காணப்படுவது சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருந்த கல்லும் இவ்வினமே என்பதால், தாமஸ் ஹாலந்து 1893இல் அதற்கு அப்பெயரிட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய இப்பாறை, நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. ஓடுடைய உயிரினம் எதுவும் உலகில் தோன்றாத காலத்தது. அவ்வாறாயின், மேல்மண் மிக இளையது. அடிப்பாறை மிக மூத்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்து அம்மோனைட் அம்மண்மேட்டிற்கு எவ்வாறு வந்தது?

கல்லமேடு கற்பிக்கும் பாடம்

விடையைக் கூறுமுன், குறிப்பெடுத்தலின் இன்றியமையாமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980களின் இறுதியில் விவரித்து, "பேருடலுடைய பல்லி" என்னும் பொருளில் புருஹத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். அவற்றுள் கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட அவ்விலங்கு, பின்னர் நெடுங்கழுத்துடைய தாவர உண்ணி எனக் கொள்ளப்பட்டது. உலகில் வாழ்ந்த தரைவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம் என்பாரும் உளர். எலும்பன்று, கல்மரமே என ஐயுற்றாரும் உளர்.

ஐயத்தைத் தீர்க்க எலும்பை மீண்டும் ஆராயலாம் எனின் அது இயலாது. எளிதில் உதிரும் தன்மையுடைய அவ்வெச்சங்கள் சிதைந்து அழிந்துவிட்டன என்பது 2017இல் அச்சேறியது. 2022ஆம் ஆண்டில், அதுவரை வெளிவராத பழைய களப்புகைப்படங்கள் சில வெளியிடப்பட்டன. அவற்றில் காணும் வடிவங்களைக் கொண்டே எலும்பு என்னும் கருத்து வலுப்பெற்றது. பொருள் அழிந்தபின் அதன் பொருட்டு வாதாட எஞ்சியவை குறிப்பும் படமுமே. அவையும் இல்லாதிருப்பின், பேருடல் விலங்கு வெறும் பெயராக மட்டுமே நின்றிருக்கும்.

கல் வந்த வழி

நம் மாணவர் சோர்ந்துவிடவில்லை. முதியவரின் வினாக்களை எழுதிக்கொண்டு மீண்டும் அத்தெருவிற்குச் சென்றார். தோண்டிய தொழிலாளர்களைக் கேட்டார். குழியிலிருந்து அத்தகைய கல் எதுவும் வந்ததாக அவர்கள் கூறவில்லை. பின்னர், இடிக்கப்பட்ட வீட்டில் நெடுங்காலம் தோட்டவேலை பார்த்த பெரியவரைத் தேடிக் கண்டார். அவர் கல்லைப் பார்த்த அளவிலேயே அடையாளம் சொன்னார். வீட்டிற்குரியவர் அரியலூர்ப் பக்கத்தில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவராம். அங்கிருந்து கொணர்ந்த சுருட்கற்களை ரோஜாத் தொட்டிகளைச் சுற்றி வரிசையாகப் பதித்திருந்தாராம். வீட்டை இடித்தபோது தொட்டிகளுடன் கற்களும் மண்ணோடு மண்ணாயின. அவற்றுள் ஒன்றே நம் வகுப்பறைக்கு வந்தது.

கல் மெய், நாம் எழுதச் சொன்ன வரலாறு பொய். கழுவாமல் விட்டிருந்தால், அதன் பள்ளங்களில் ஒட்டியிருந்த மண்ணே கடைக்கால் களிமண் அன்று, தோட்டத்து மண் என்பதைக் காட்டியிருக்கும். அரியலூரின் எந்தச் சுரங்கத்தில், எந்த அடுக்கில் அது கிடந்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது.

மாணவர் கண்காட்சி அட்டையைத் தாமே திருத்தி எழுதினார்: "அம்மோனைட். அரியலூர்ப் பகுதியிலிருந்து கொணரப்பட்டதாகக் கூறப்படுவது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. கிடைத்த அடுக்குத் தெரியவில்லை." முதல் அட்டையைக் காட்டிலும் இதில் வியப்புக் குறைவு. ஆயினும் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று உண்டு. முதல் அட்டையின் பிழை நம்முடையது என்பதை வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் நாம் ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் சொன்னார் என்பதற்காகவே ஒரு செய்தி மெய்யாகிவிடாது என்பதை மாணவர்க்கு உணர்த்த அதைவிடச் சிறந்த பாடம் வேறு வாய்த்திருக்காது.

முடிவுரை

மாணவர் நெஞ்சில் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். விந்தையான கல்லைக் கண்டால் எடுக்குமுன் கிடந்த நிலையிலேயே படமெடுத்தல் வேண்டும். அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்தல் நன்று. இடம், நாள், ஆழம், சூழ்ந்துள்ள மண், உடன் கிடந்த பொருள்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். பாறையில் பதிந்திருப்பதைப் பெயர்த்தல் ஆகாது. திருவக்கரை, சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துவரலாகாது. கழுவுதல், உடைத்தல், வார்னிஷ் பூசுதல் ஆகியவற்றை வல்லுநர் காணும்வரை தவிர்த்தல் வேண்டும்.

ஒப்பிட்டுக் காண வேண்டுவோர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் கூடத்திற்குச் செல்லலாம். 1851இல் ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளுடன் தொடங்கப்பெற்றதே அவ்வருங்காட்சியகம். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கெனவே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. கல்லூரிகளின் நிலவியல் துறைப் பேராசிரியர்களையும் அணுகலாம். அவர்கள் முதலில் கேட்கப்போவது "எங்கே கிடைத்தது?" என்பதையே. அதற்குரிய விடையைக் கல்லுடன் கொண்டுசெல்லுதல் நம் கடமை.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, நந்தையும் முரளையும் ஈரறிவினவற்றுள் வைத்தார். மனத்தை ஆறாவது அறிவாகக் கொண்டார். ஈரறிவுடைய உயிரினங்கள் விட்டுச் சென்ற ஓடு பல கோடி ஆண்டுகள் தன் சான்றைப் பொய்யின்றிக் காத்து நிற்கிறது. ஆறறிவுடைய நாம் அதை எடுத்த ஒரே நாளில் அதன் ஊரையும் காலத்தையும் அழித்துவிடுதல் தகுமா? அம்மோனைட் இன்றும் நம் துறையின் நிலைப்பேழையில் உள்ளது. திருத்திய அட்டையும் அதன் அருகிலேயே இருக்கிறது. வருகிற மாணவர்க்குக் கல்லைக் காட்டுமுன் அட்டையைப் படிக்குமாறு நாம் சொல்லிவருகிறோம்.